அம்மா அழுத இந்திப் படம்

நாலாவது, ஐந்தாவது படிக்கும்போது சுனாமியைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. எனக்கு முன்நெற்றியில் நரை விழுந்து, அதை மறைக்கிற வேலையையும் விட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் வந்து "அலை எவ்ளோ ஒசரம் இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். பனைமரத்தைக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். உயரத்தைச் சொல்வது சுலபம்தான். அலைக்குப் பிறகு வந்த வருஷங்களைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. நான் இன்றைக்கு ஒரு இந்திப் படத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். மந்திரி, துப்பாக்கி, பறந்து வெடிக்கிற ஜீப் எல்லாம் இருக்கிற சாதாரண அடிதடிப் படம்தான். ஆனால் அதில் எங்கள் அம்மா இருக்கிறாள்.

எங்கள் ஊர் கடலூர் முதுநகருக்குத் தெற்கே, கடலோரம். பேர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு அண்ணன். ஏழாவது படித்தான். அன்றைக்குக் காலையில் அப்பா கடலுக்குள் இருந்தார், அதனால் பிழைத்தார். அப்பாவின் படகு வருகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போன அண்ணன்தான் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வரிசையாகக் கிடத்தியிருந்த உடம்புகளை அம்மா ஒவ்வொன்றாகத் துணியை விலக்கிப் பார்த்து, "இது இல்ல, இதுவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கடைசி உடம்பையும் பார்த்து முடித்தபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்தச் சந்தோஷம்தான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது.

நம்மையெல்லாம் கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்களே, அங்கே ஒரு பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு வெள்ளை வேன் வந்ததாம். தனியாக நின்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதாம். வடக்கே ஏதோ ஒரு ஹோமில் வைத்து வளர்க்கிறார்களாம். வேனைப் பார்த்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. அம்மா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னண்டு வயசுப் புள்ளடி. ஊரு பேரு சொல்லத் தெரியாதா அவனுக்கு? இருந்தான்னா இந்நேரம் ஒரு கடுதாசி போட்டிருக்க மாட்டானா?" என்று அப்பா கேட்டார்.

"மண்டையில அடிபட்டிருக்கும் மாமா. மறந்து போயிருப்பான்" என்றாள் அம்மா. அப்பா அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. "என் கொரலக் கேட்டான்னா எல்லாம் ஞாவகம் வந்துடும்."

அவள் பார்த்த பத்துப் படத்தில் மூன்றில் அப்படித்தான் நடந்திருந்தது.

ஊரில் எல்லோரும் காரியம் செய்தார்கள், எங்கள் வீட்டில் செய்யவில்லை. செத்துப்போனான் என்று கையெழுத்துப் போட அம்மா சம்மதிக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். செத்தவர்கள் பேரையெல்லாம் வெட்டிக் கோயில் பக்கத்தில் ஒரு கல் நட்டார்கள். அதில் அண்ணன் பேர் போடக்கூடாது என்று கல் வெட்டுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வருஷாவருஷம் அந்த நாளில் பெண்களெல்லாம் கடலில் பால் ஊற்றும்போது அம்மா மட்டும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி புடைப்பாள். எழவு வீட்டுக்கும் போகமாட்டாள். போனால் கூடி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும், அழுதால் நம் வீட்டு எழவும் அதில் சேர்ந்துகொள்ளும் என்று பயம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனை வாசலில் நின்று கூப்பிட்டாள். அவனுக்கும் அண்ணன் பேர்தான். அம்மா உலையைக் கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டுத் தலைவிரிகோலமாகக் கரை வரைக்கும் ஓடினாள். அப்பா போய்க் கூட்டிவந்தார். அன்றோடு சட்டம் போட்டுவிட்டார்: "இந்த வீட்ல இனிமே அந்தப் பேர யாரும் எடுக்கக் கூடாது." நானும் எடுக்கவில்லை. இங்கேயும் எழுதவில்லை பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அண்ணன்மேல் வயிற்றெரிச்சல். இருந்தபோது கூட அவ்வளவு இல்லை, போனபிறகுதான் வந்தது. என் தலையை வாரிவிட ஆளில்லை. ரெண்டு வருஷம் நானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு போவேன். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. பிழைத்து வந்தவள் நான்தானே, என்னை ஒருதரம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செத்த அண்ணன்மேல் பொறாமைப்பட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அலை வந்து ரெண்டு வருஷத்துக்குப் பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். நாங்கள் அதற்குள் உள்ளே தள்ளிக் கட்டிய புதுக் குடியிருப்புக்குப் போயிருந்தோம். கரையோரத்துப் பழைய வீடுகள் கூரையில்லாமல், பாதிச் சுவரோடு அப்படியே கிடந்தன. அதைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். ஆள் சேர்க்கிறவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ரெண்டு செல்போன். அவர்தான் ஊர்க்கூட்டத்தில் கதையைச் சொன்னார்.

"கதை என்னான்னா, ஒரு மந்திரி. புயல் நிவாரணத்துக்கு வந்த படகு, அரிசி எல்லாத்தையும் அடிச்சிடுறான். மீனவர் தலைவர் ஒருத்தரு எதுத்துக் கேக்குறாரு. அவர ஆள் வெச்சுக் கொன்னுடுறாங்க. அப்புறம் போலீஸ் ஆபீசரு ஹீரோ வந்து ஒவ்வொருத்தனையா சுடுறாரு."

"கடைசியில படகு திரும்பக் கெடைக்குதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது படத்துல வராது."

கூட்டம் சிரித்தது. "அப்ப இது உண்மக் கதைதான்யா" என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தது. தலைவர் உடம்பைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழ முப்பது பெண்கள் வேண்டும் என்றார் அவர். சம்பளம் உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு வெட்கப்பட்டார்கள். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"அண்ணே, இந்தப் படம் எங்கெங்க ஓடும்?"

"இந்திப் படம்மா. நம்ம ஊர்ல ஓடாது. பம்பாய், டில்லி, கல்கத்தா, வடக்க எல்லா ஊர்லயும் ஓடும்."

"ஹோமுங்கள்ல போடுவாங்களா? அனாதப் புள்ளைங்க இருக்குற எடத்துல?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "டிவியில வந்தா எல்லாரும் பாப்பாங்கம்மா" என்றார்.

"என் பேர எழுதிக்குங்க" என்றாள் அம்மா.

ஊரே வாயைப் பிளந்தது. பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் சினிமாக்காரனுக்கு அழப் போகிறாளாம். தண்ணீர்க் குழாயடியில் என் காது படவே பேசினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் காலையில், "அழுவறதுக்கு எவ்ளோ குடுக்கறாங்க?" என்று அம்மாவைக் கேட்டேன். கேட்டுவிட்டேன், நண்பர்களே. கேட்ட வாயை இன்றைக்கும் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரகசியமாகச் சொன்னாள். "காசுக்கில்லடி. தமிழ்ப் படம்னா நம்ம ஊரோட நின்னுடும். இந்திப் படம் அவன் இருக்குற எடத்துக்கே போவும். அழுவற சாக்குல நான் உங்கண்ணன் பேரச் சொல்லிக் கூப்புடப் போறேன். கேட்டான்னா வந்துடுவான். அப்பாகிட்ட சொல்லாத."

ஷூட்டிங் அன்று கரை முழுக்க வண்டிகள். ஜெனரேட்டர் சத்தத்தில் அலைச்சத்தம் கேட்கவில்லை. மணலில் தண்டவாளம் போட்டுக் கேமராவைத் தள்ளினார்கள். எங்கள் பழைய மீன் ஏலக் கொட்டகையில் இந்தியில் எழுதிய ஒரு பலகையை அடித்து, அதைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பலகையை அப்பா பிறகு கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டார். என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு வந்த 'தானே' புயலில் அது பறந்துபோனது. ஹீரோ ஒரு குடைக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து இளநீர் குடித்தார். அவரைப் பார்க்கப் பையன்கள் மதில்மேல் ஏறினார்கள். நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிணமாகப் படுத்தவர் சென்னையிலிருந்து வந்த துணை நடிகர். ஒல்லியான இளைஞர். சட்டையில் சிவப்புச் சாயம் ஊற்றி, எங்கள் வீடு இருந்ததே, அந்த இடத்துக்கு நாலடி தள்ளித்தான் படுக்கவைத்தார்கள். பெண்களுக்குக் கண்ணில் கிளிசரின் போட ஒரு பையன் வந்தான். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒருவர் கையைத் தூக்கி இறக்கினார். முப்பது பேரும் மாரடிக்க ஆரம்பித்தார்கள், ரெண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மா முடியை அவிழ்த்தாள். நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். கூப்பிட்டாள்.

அண்ணன் பேரைத்தான். ரெண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேர். "வாடா. அம்மா இங்கதான்டா இருக்கேன். ஊடு மாறிடுச்சுடா. வாட்டர் டேங்க்குக்குப் பின்னால மூணாவது தெரு. கேட்டுக்கிட்டு வந்துடுடா சாமி" என்று கத்தினாள். வழி சொல்லிக் கூப்பிட்டாள், கேட்டீர்களா. புது வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பானே என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை.

சிரித்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களின் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். முப்பது பெண்களும் நிஜமாகவே அழுதார்கள். தமிழ் தெரியாத டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஆனால் காட்சி கெட்டுப்போனது. ஏன் தெரியுமா? பிணம் அழுதுவிட்டது. படுத்திருந்த அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியும் அல்லவா, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நெஞ்சு குலுங்கியது. "மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்க" என்று எழுந்து உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள். மொத்தம் நாலு தரம். நாலு தரமும் அம்மா கொஞ்சமும் குறைக்காமல் கூப்பிட்டாள். நாலாவது தரம் குரல் கம்மி, பேர் பாதியாகத்தான் வந்தது.

அப்பா அந்த ஏலக் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். சட்டம் போட்ட மனுஷர் முதல் தரம் முடிந்ததுமே படகைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டி ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "எங்கம்மா கொரலு இதுக்குள்ள ஏறிடுச்சா?" என்று கேட்டேன். அவர் தமிழர்தான். என் கன்னத்தைக் கிள்ளினார்.

"இது சும்மா வாயசைவுக்கு ஒத்துப்பாக்கப் புடிக்கறது பாப்பா. அங்க ஸ்டூடியோவுல போயி வேற ஆள வெச்சு அழுவவெச்சுப்பாங்க. இந்திப் படத்துல தமிழ்ல அழுதா நல்லாவா இருக்கும்?"

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. எப்போது பார்த்தாலும் அண்ணன், அண்ணன். போய்ச் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் ஓடினேன். அவள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எனக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்கடி போன? தல ஏன் இப்படிக் கெடக்குது? திரும்பு" என்று இழுத்து உட்காரவைத்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் விரல் என் தலையில் பட்டது. சிக்கெடுத்து, இறுக்கி, ரெட்டைப் பின்னல் போட்டாள். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அம்மா திரும்பவும் போய்விடுவாள். எனக்கு அம்மா வேண்டும். பதினோரு வயசுக்காரிக்கு அதற்குமேல் என்ன கணக்கு தெரியும்? இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. முதல்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

அடுத்த ஒன்றரை வருஷம் மாதிரி ஒரு காலம் என் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. அம்மா மறுபடி அன்னக்கூடையைத் தலையில் தூக்கினாள். காலையில் ஏலத்தில் எடுத்த மீனோடு பஸ் ஏறி மேல்பட்டாம்பாக்கம் போய் விற்றுவிட்டு வருவாள். லீவு நாளில் நானும் போவேன். பஸ்ஸில் கூடையை எங்கள் காலடியில் வைத்துக்கொண்டு, நாற்றம் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிறவர்களோடு சண்டை போடுவாள். "சாப்புடறப்ப மட்டும் மணக்குதோ?" என்பாள். சாயங்காலம் நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து, முதல் தட்டு எனக்குத்தான். ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வந்தாள். ஒருநாள் அப்பா சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் அந்தப் படத்தை நம்பித்தான். மீன் விற்று முடிந்ததும் கடைத்தெருவில் ஒரு சிடி கடை முன்னால் போய் நிற்பாள். படத்தின் பேர் எங்களுக்குத் தெரியாது. "கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரன் படம், வந்துடுச்சா தம்பி?" என்பாள். "எல்லா இந்திப் படத்துலயும் போலீஸ்காரன் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருக்கான் ஆயா" என்று கடைக்காரன் சிரிப்பான். முப்பத்தைந்து வயசு எங்கள் அம்மாவுக்கு. அவனுக்கு ஆயாவாகத் தெரிந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தரமும், வரக்கூடாது, அந்தப் படம் எந்த ஊரிலும் வரவே கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொள்வேன்.

வந்துவிட்டது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குமராட்சியில் பெண் எடுத்து அங்கேயே மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டார்.

"யக்கா, சிதம்பரத்துல ஒரு இந்திப் பட போஸ்டரு ஒட்டிருக்கான். போலீஸ்காரன் துப்பாக்கியோட நிக்கிறான். பின்னால பாத்தா நம்ம ஊரு வாட்டர் டேங்க்கு! சத்தியமா நம்ம டேங்க்குதான்க்கா."

யுனிவர்சிட்டியில் படிக்கிற வடக்கத்திப் பிள்ளைகளுக்காக மூன்று நாள், பகல் காட்சி மட்டும். அம்மா அன்றைக்கு மீனுக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, முல்லைப்பூ வைத்து, பெட்டியிலிருந்து பட்டுப்புடவை எடுத்தாள். அப்பா வரமாட்டார் என்று நினைத்தோம். அவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டிப் போகிறது பஸ். ஜன்னலோரம் அம்மா தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு வாந்தி வந்தது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். இப்போதாவது சொல்லிவிடலாம், இறங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். சிதம்பரம் வந்துவிட்டது.

தியேட்டரில் முப்பது பேர்கூட இல்லை. மாமா எங்களுக்காக வாசலில் நின்றிருந்தார். அம்மா முன் வரிசையில்தான் உட்காருவேன் என்றாள். படத்தில் யார் பேசியதும் புரியவில்லை. மந்திரி மட்டும் புரிந்தது. நம் ஊரில் வேட்டி, அங்கே குர்தா, சிரிப்பு ஒன்றுதான். அவன் ஆட்கள் ஜீப்பில் வந்து மீனவர் தலைவரை வெட்டினார்கள். திரையில் எங்கள் கரை வந்தது. எங்கள் உடைந்த சுவர்கள் வந்தன. மாமா விசில் அடித்தார். "இப்பதான், இப்பதான்" என்று அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

வயலின் கேட்டது. அதற்குமேல் ஒரு பெண் அழுதாள். மெல்லிய, அழகான குரல். இந்தியில் என்னவோ சொல்லி, ராகம் போட்டு அழுதாள். அம்மாவின் குரல் இல்லை. பேர் இல்லை. வாட்டர் டேங்க் இல்லை, மூணாவது தெரு இல்லை. நான் கண்ணைத் திறந்தபோது ஹீரோ நெருப்புக்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி விட்டுப்போயிருந்தது.

இடைவேளையில் மாமா சமோசா வாங்கிவந்தார். யாரும் தொடவில்லை. "என்னக்கா, உன்ன மூணு செகண்டுதான் காட்டுனான்" என்று மாமா ஏதோ சொல்லப்போக, அப்பா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். இரண்டாம் பாதியில் ஹீரோ எல்லோரையும் சுட்டார். மந்திரியையும் சுட்டார். நியாயம் கிடைத்துவிட்டது என்று படம் முடிந்தது. அம்மா திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, நாளைக் காலை என் தலையை நான்தான் வாரிக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் முதலில் அழுகை வந்தது, அண்ணனுக்காகக்கூட இல்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

கடலூர் பஸ்ஸில் அப்பா முன் சீட்டிலும் நாங்கள் ரெண்டு பேரும் பின்னாலும் உட்கார்ந்தோம். பி.முட்லூர் வரை அம்மா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். தலையில் வைத்த பூ ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் அவள் முகத்தில் அன்றைக்குக் கடைசி உடம்பைப் பார்த்து முடித்தபோது வந்ததே, அதே சந்தோஷம்தான் மறுபடி வந்திருந்தது.

"கொரல மாத்திட்டான் பாத்தியா" என்றாள். "மாத்துனா மாத்தட்டும். வாய மாத்த முடியாதுல்ல. என் வாயிதான அசஞ்சுது?"

நான் அவள் தலையில் சரிந்திருந்த பூவை நேராக வைத்துவிட்டேன்.

"கைக்கொழந்தையா இருக்கச்ச என் வாயையே பாத்துக்கிட்டுக் கெடப்பான்டி. நான் என்னா பேசுனாலும் கண்ணு எடுக்க மாட்டான். சத்தமே வேணாம் அவனுக்கு. வாயப் பாத்தான்னா போதும், கண்டுபுடிச்சிடுவான்." என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நீ பாத்தல்ல? சத்தம் இல்லன்னாலும், என் வாயப் பாத்து என்னா கூப்புடுறேன்னு தெரிஞ்சுதுல்ல?"

கண்ணை மூடிக்கொண்டிருந்த நான் எதைப் பார்த்தேன்? "தெரிஞ்சுதும்மா" என்றேன்.

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"எங்க, சொல்லு பாப்போம். என்னா கூப்புட்டேன்?"

சொன்னேன். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பேரை என் வாயால் சொன்னேன். பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். முன் சீட்டில் அப்பா சட்டென்று திரும்பினார். அடிக்கத்தான் போகிறார் என்று ஒடுங்கிக்கொண்டேன். அப்பாவின் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் தண்ணீர் ஓடியிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுடா பாப்பா" என்றார்.